எட்டுக் கட்டத்துக்குள் ஒரு வாய்ப்புற்று

வாய்ப்புற்று என்பது ஒரே சொல். வரியின் கடைசியில் இடம் போதவில்லை என்றால் 'வாய்ப்' என்று நிறுத்திக்கொண்டு 'புற்று' என்பதை அடுத்த வரிக்குத் தள்ளலாம். 'ப்பு'வுக்குப் பிறகு மட்டும் எக்காரணம் கொண்டும் உடைக்கக் கூடாது. முப்பத்தோரு வருடமாக அச்சகத்தில் பிழை திருத்தி வயிறு வளர்ப்பவன் சொல்கிறேன். இதையே அந்த மருத்துவமனையில் பதினொரு பேரிடம் சொன்னேன். பதினொரு பேரும் "சரிங்க, உட்காருங்க" என்றார்கள்.

என் நோயை முதலில் கண்டுபிடித்தது எந்த டாக்டரும் இல்லை. 'ழ'தான் கண்டுபிடித்தது. எங்கள் அச்சகத்தில் ஒருவர் மூலப்பிரதியை உரக்கப் படிப்பார், இன்னொருவர் அச்சுப்பிரதியில் சரிபார்ப்பார். அன்று நான் படித்துக்கொண்டிருந்தேன். எதிர்மேசைக்காரர் திடீரென்று பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"இப்ப என்ன சொன்னீங்க?"

"பிளை."

"பிழை திருத்தற ஆளே பிளைங்கறீங்க. விளங்கின மாதிரிதான்."

மறுபடி சொன்னேன். மறுபடியும் பிளை. நாக்கை மடித்து மேலே கொண்டுபோனால் பாதி வழியில் ஏதோ இடித்தது. வீட்டுக்குப் போய் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். மனைவி டார்ச் அடித்துப் பார்த்தாள். அவள் தபால் அலுவலகத்தில் பார்சல் வாங்கும் கவுண்டரில் இருப்பவள். எதையும் பார்த்ததும் எடை சொல்லிவிடுவாள்.

"மேலண்ணத்துல பட்டாணி அளவுக்கு ஒண்ணு இருக்கு. வலிக்குதா?"

"இல்ல."

"வலிக்கலன்னா அப்படியே விட்டுடுவீங்க. உங்களை எனக்குத் தெரியாதா. நாளைக்கே போறோம்."

போனோம். அங்கே ஒரு சின்ன டாக்டர் இருந்தார். வயதிலும் சின்னவர், ஆளும் சின்னவர், அறையும் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. பட்டாணியில் துளி கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பி, பத்து நாள் கழித்து எங்களை உட்காரவைத்து, எழுந்து போய்க் கதவையும் சாத்திவிட்டு வந்தார். கதவைச் சாத்தியதுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"புற்றுதான், சார். ஒரு வைரஸ் சம்பந்தப்பட்ட ரகம். வாயில வர்றது ரொம்ப ரொம்ப அபூர்வம்."

"வைரஸா? எங்கேருந்து ஒட்டுச்சு?" என்று என் மனைவி கேட்டாள். கேட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"அம்மா, அந்த வைரஸ் அனேகமா எல்லார் உடம்புலயும் இருக்கு. எச்சில் வழியா எப்பவோ உள்ள வந்து, சத்தம் போடாமப் படுத்துக்கும். உங்களுக்கும் இருக்கலாம், எனக்கும் இருக்கலாம். யாரோ ஒருத்தருக்கு மட்டும் அது வேலையைக் காட்டிடுது. ஏன் அவருக்குன்னு இன்னும் முழுசாத் தெரியல. இவர் எந்தத் தப்பும் பண்ணல. புற்று யாருக்கும் ஒட்டவும் ஒட்டாது."

வைரஸின் பெயரைத் தாளில் எழுதிக் காட்டினார். அதைக் கண்டுபிடித்த இருவரின் பெயர்கள், நடுவில் ஒரு சிறு கோடு. கோடு சரியான நீளத்தில் இருந்தது. அப்போதே அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

"வெட்டணுமா?" என்றேன்.

"வெட்டினா மேலண்ணத்துல ஓட்டை விழும். வாயும் மூக்கும் ஒண்ணாயிடும், பேச்சு குழறிடும். நல்ல காலம், இந்த ரகம் கதிர் வெச்சா நல்லாக் கரையும். முப்பத்துமூணு தடவை வைக்கணும். ஆனா தள்ளிப்போடக் கூடாது, சார். கழுத்துக்கு இறங்கிடுச்சுன்னா அப்புறம் கதையே வேற. அட்டை போட்டு உங்க ஃபைல் என் ரூமுக்கு வந்த அன்னைக்கே ஆரம்பிச்சுடறேன்."

அந்த அட்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அங்கே ஃபைலை யாரும் திறப்பதில்லை. திறந்தால் படிக்க வேண்டியிருக்கிறது, படித்தால் அபிப்பிராயம் வருகிறது, அபிப்பிராயம் வந்தால் தாமதமாகிறது என்று இயக்குநர் கண்டுபிடித்து, 'அட்டை ஆணை' என்று ஒன்று போட்டிருந்தார். அதைச் சட்டம்போட்டுச் சுவரெங்கும் மாட்டியும் வைத்திருந்தார்கள். ஃபைலின் மேலட்டையில் எட்டுக் கட்டங்கள். நோயாளியின் நிலையை அந்த எட்டுக் கட்டத்துக்குள் எழுதிவிட வேண்டும், ஊழியர்கள் அதை மட்டும் படித்து அதன்படி நடக்க வேண்டும். 'எட்டு எழுத்துக்குள் அடங்காத நோய், நோயாளியின் ஒழுங்கின்மையையே காட்டுகிறது' என்பது ஆணையின் கடைசி வரி. அதிலேயே இரண்டு எழுத்துப் பிழை இருந்தது; இங்கே நான் திருத்திச் சொல்லியிருக்கிறேன்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அட்டைக்காரர் உட்கார்ந்திருந்தார். சின்ன டாக்டர் 'அரிய வாய்ப்புற்று' என்று எழுதித் தந்த சீட்டைப் பார்த்துக் கட்டத்துக்கு ஓர் எழுத்தாக, கோயில் சிற்பி செதுக்குவதுபோல எழுதினார். அ, ரி, ய. ஒரு கட்டம் இடைவெளி. வா, ய், ப், பு. கட்டம் தீர்ந்தது. மூடியைத் திருகிப் பேனாவைப் பையில் செருகிக்கொண்டார்.

"சார், 'ற்று' விட்டுப்போச்சு," என்றேன்.

"இடமில்லை."

"அந்த இடைவெளியை எடுத்துட்டா—"

"இடைவெளி இல்லாட்டி ரெண்டு வார்த்தையும் ஒட்டிக்காதா? என்ன தமிழ் படிச்சீங்க?"

"அப்படியும் ஒரு எழுத்து இடிக்கும்தான். ஆனா இப்ப இது 'அரிய வாய்ப்பு'ன்னு ஆயிடுச்சு, சார்."

அவர் அட்டையைத் திருப்பிப் படித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "நல்லாத்தானே இருக்கு. உட்காருங்க."

ஃபைல் நேராக வாய்ப்புகள் பிரிவுக்குப் போனது. அது வேலைக்கு ஆள் எடுக்கும் பிரிவு. மறுநாள் என்னையும் அங்கே அழைத்து, மூன்று பேருக்கு எதிரே ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

"எதுக்கு வந்திருக்கீங்க?" என்றார் நடுவில் இருந்தவர்.

"சிகிச்சைக்கு."

"சிகிச்சை உதவியாளர்," என்று பக்கத்தில் இருந்தவர் எழுதிக்கொண்டார். "உங்க பலவீனம்னு எதைச் சொல்லுவீங்க?"

"மேலண்ணத்துல ஒரு கட்டி இருக்குங்க."

"ஒளிவுமறைவில்லாமப் பேசறாரு," என்றார் மூன்றாமவர்.

"அஞ்சு வருஷத்துக்கு அப்புறம் உங்களை எங்க பார்க்கறீங்க?"

அந்தக் கேள்விக்கு மட்டும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கமானவன் என்று அதற்கும் ஒரு மதிப்பெண் போட்டார்கள். நான் தேர்வாகிவிட்டதாகவும், காத்திருப்போர் பட்டியலில் இரண்டாவதாக இருப்பதாகவும் கடிதம் வந்தது. கடிதத்தை மடித்துக்கொண்டு சின்ன டாக்டரிடம் ஓடினேன். அவர் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"நான் தினமும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், சார். ஃபைல் இங்க வராம மெஷின் ரூமைத் திறக்க மாட்டாங்க. ரெண்டு தடவை சண்டை போட்டேன். பொறுமை பத்தின பயிற்சி வகுப்புக்குப் பேர் குடுத்துட்டாங்க."

அதற்குள் 'அரிய வாய்ப்பு' ஒன்று வந்திருக்கிறது என்ற சேதி இயக்குநரின் காதுக்கு எட்டிவிட்டது. அவர் நேரில் வந்து என் கையைக் குலுக்கினார். அடுத்த வாரம் என்னைப் பேரவைக் கூடத்து மேடையில், சாய்வு நாற்காலியில், வாயைத் திறந்தபடி படுக்கவைத்தார்கள். என் வாய் பின்னாலிருந்த திரையில் ஒரு லாரி அளவுக்குத் தெரிந்தது. இருநூறு மாணவர்கள் அதைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

"இதை நாம எப்படிப் புரிஞ்சுக்கணும்?" என்று இயக்குநர் தொடங்கிவைத்தார். துறைத் தலைவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

"பல் இருக்கற வரைக்கும் எங்க எல்லை," என்றார் பல் துறைத் தலைவர். "இங்க பல்லே இல்ல. பல் முளைச்சா சொல்லுங்க, வர்றோம்."

"தொண்டை ஆரம்பிக்கற இடத்துலேருந்து எங்களுது," என்றார் தொண்டைத் துறைத் தலைவர். "இது ரெண்டு விரல் முன்னால நிக்குது. இன்னும் கொஞ்சம் வளர்ந்து உள்ள வரட்டும், தாராளமா எடுத்துக்கறோம்."

வைரஸ் துறைத் தலைவர் கடைசியாக எழுந்தார். "கட்டி உங்களுது, வைரஸ் மட்டும்தான் என்னுது. வைரஸைத் தனியாக் கழட்டிக் குடுத்தீங்கன்னா நான் பார்த்துக்கறேன்."

இயக்குநர் முடிவுரை சொன்னார். "நண்பர்களே, இப்படி ஒரு நோய் நம்ம வாசலுக்கு வர்றதுக்கு நாம குடுத்து வெச்சிருக்கணும். அவசரப்பட்டுக் குணப்படுத்தி இந்த வாய்ப்பை வீணாக்கிடக் கூடாது. நிதானமாப் பார்ப்போம். வாரா வாரம் அளப்போம். அடுத்த வருஷம் மாநாடு இருக்கு, அது வரைக்கும் இவரை நல்லாப் பார்த்துக்கங்க."

எல்லோரும் கை தட்டினார்கள். வாய் திறந்திருந்ததால் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

வாரா வாரம் அளந்தார்கள். முதல் வாரம் 'வளர்ச்சி திருப்திகரம்' என்று எழுதினார்கள். இரண்டாம் வாரம் 'வளர்ச்சி மிகவும் திருப்திகரம்'. மூன்றாம் வாரம் அளந்த பயிற்சி டாக்டர் என் முதுகில் தட்டிக்கொடுத்து, "அசத்திட்டீங்க" என்றார். பட்டாணியாக இருந்தது கொண்டைக்கடலை ஆகியிருந்தது. பேசும்போது 'ழ' மட்டுமல்ல, 'ட'வும் 'ண'வும் நசுங்கத் தொடங்கின. நடுராத்திரியில் எழுந்து கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வது எனக்கு வழக்கமாகிவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, எனக்குப் பயமாக இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது, குளிக்கும்போது, பிறருடைய எழுத்துப் பிழையைத் திருத்தும்போதுகூடப் பயமாக இருந்தது.

திருத்தம் கோரி மனுப் போட்டேன். மனுப் படிவத்திலும் எட்டே கட்டங்கள். யோசித்து யோசித்து 'ற்று இல்லை' என்று ஆறு கட்டத்தில் எழுதி, இரண்டு கட்டத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்தேன். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. 'ற்று என்ற சொல் அகராதியில் காணப்படாமையால் மனு தள்ளுபடி.'

அதை எடுத்துக்கொண்டு அட்டைக்காரரிடம் போய் நின்றேன். அவருக்கும் என்னைப் பார்த்துப் பார்த்து அலுத்திருக்க வேண்டும்.

"உங்களுக்கு இப்ப என்னதான் பிரச்சினை?"

"நான் வாய்ப்பு இல்லீங்க. அது தப்பு."

"வாய்ப்புங்கறதுதானே தப்பு? முதல்லயே சொல்லியிருக்கலாமே," என்று 'வாய்ப்பு'வை நான்கு கட்டத்திலும் அழகாக அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். 'அரிய' மட்டும் மிஞ்சியது. ஃபைல் ஒரு மணி நேரத்தில் அறுவைப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஏன் அறுவைப் பிரிவு என்று எனக்கு முதலில் புரியவில்லை. எனக்குப் பச்சை அங்கியை மாட்டிவிட்டு, தலைமை நர்ஸ் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சர்ஜனிடம் பேசியதைக் கேட்டபோதுதான் புரிந்தது.

"என்ன கேஸ்?" என்றார் சர்ஜன், கை கழுவிக்கொண்டே.

"அரிய, சார்."

"எதை அரிய?"

"அது போடல. 'அரிய'ன்னு மட்டும்தான் இருக்கு. மீதி அடிச்சிருக்கு."

"சரி, அரிஞ்சுடுவோம். எவ்வளவு பொடிசா வேணுமாம்?"

காய் அரிவதற்கும் அதே சொல்தான் என்பது எனக்குத் தெரியாததா என்ன. அரிய என்றால் கிடைத்தற்கு அருமையான என்றும் பொருள், நறுக்க என்றும் பொருள். எது என்பது இடத்தைப் பார்த்துத்தான் தெரியும். நான் படுத்திருந்த இடமோ அறுவைக் கூடம். அந்தச் சொல்லின் மேல் எனக்கு அதுவரை இருந்த மரியாதையெல்லாம் போய்விட்டது.

"சார், இது உரிச்சொல் மாதிரி வர்றது, வினை இல்லை," என்று எழுந்து உட்கார்ந்தேன்.

"படுங்க. ஒண்ணும் தெரியாது, மயக்கம் குடுத்துடுவோம்," என்றார் நர்ஸ். "காலையில எதுவும் சாப்பிடலதானே?"

நான் உண்மையிலேயே ஒன்றும் சாப்பிடவில்லை. ஆனாலும், "வாளப்பளம்" என்றேன்.

"என்னது?"

"வாளப்பளம். ரெண்டு. பெரிசு."

நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டார். சர்ஜன் கையுறையைக் கழற்றினார். நாளைக் காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லி, ஃபைலை நானே கொண்டுவரும்படி என் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். அங்கே போனதிலிருந்து என் ஃபைல் என் கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

நேராக என் மனைவியின் கவுண்டருக்குப் போனேன். சாப்பாட்டு இடைவேளை. பார்சல்களுக்கு நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு என்னை உட்காரவைத்தாள். நடந்ததைச் சொன்னேன். "நாளைக்கு என் மேலண்ணத்தை எடுத்துடுவாங்க. அப்புறம் எனக்கு ஒரு எழுத்தும் வராது," என்றேன்.

அவள் ஃபைலை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பி, கையில் தூக்கி எடை பார்த்தாள்.

"உங்க தப்பு என்ன தெரியுமா? 'அரிய'வைக் கட்டிக்கிட்டு அழறீங்க."

"அதுதானே சரியான வார்த்தை?"

"சரியான வார்த்தையை வெச்சு என்ன பண்றது? இங்க பாருங்க. பதிவுத் தபால், விரைவுத் தபால்னு வருதுல்ல? ஆளுக்கு ஆள் கையெழுத்து, இடத்துக்கு இடம் பதிவு, அங்க ஒருத்தர் லீவுன்னா மூணு நாள் அப்படியே கிடக்கும். சாதாரணத் தபாலை எவனும் ஏறெடுத்தும் பார்க்க மாட்டான். மூட்டையில விழும், போய்ச் சேர்ந்துடும்." சொல்லிக்கொண்டே மேசை இழுப்பறையிலிருந்து பார்சலில் முகவரி ஒட்டும் வெள்ளைச் சீட்டு ஒன்றை எடுத்து, எட்டுக் கட்டமும் மறையும்படி கச்சிதமாக ஒட்டினாள். "உங்க ஆஸ்பத்திரியில சாதாரண நோயாளி எங்க போவாரு?"

யோசித்துப் பார்த்தேன். அவர்களைப் பற்றி ஆணையில் ஒரு வரிகூட இல்லை. அதற்கெல்லாம் விதி போட யாருக்கும் நேரமிருக்கவில்லை. "முதல்ல யார் பார்த்தாங்களோ அந்த டாக்டர்கிட்டயே திரும்பிப் போயிடுவாங்க," என்றேன்.

"அப்புறம் என்ன. எழுதுங்க."

பேனாவை எடுத்தேன். முப்பத்தோரு வருடமாகப் பிறர் போட்ட பிழையைத்தான் நான் தொட்டிருக்கிறேன். தெரிந்தே ஒரு பிழையை நானாகப் போட்டதில்லை. 'சாதாரண' என்று எழுதினேன். நான்கு எழுத்து. அவள் அதை வாங்கிப் பார்த்து, ஊதிக் காயவைத்து, "ண சரிதானே? அதுலயும் கோட்டை விட்டுடாதீங்க" என்றாள்.

மறுநாள் எட்டு மணிக்கு அறுவைப் பிரிவுக்குப் போகவில்லை. சாதாரண ஃபைல்கள் குவிந்திருந்த மேசையில் என் ஃபைலை வைத்துவிட்டு மனைவியோடு வரிசையில் உட்கார்ந்தேன். பத்தரை மணிக்கு அது மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறைக்குப் போய்விட்டது. சின்ன டாக்டர் அட்டையைப் பார்த்தார், சீட்டை விரலால் தடவிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் ஃபைலைத் திறந்தார். அந்தக் கட்டடத்தில் ஒரு ஃபைலைத் திறக்கிற சத்தத்தை அப்போதுதான் கேட்டேன். என் கழுத்தை இரண்டு பக்கமும் நிதானமாக அழுத்திப் பார்த்துவிட்டு, "இன்னும் இறங்கல, சார்" என்றார். என் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஏழு வாரம், முப்பத்துமூன்று தடவை. முகத்துக்கு வலைபோல ஓர் உறை செய்து மாட்டி, மேசையோடு சேர்த்துப் பூட்டிவிடுவார்கள். ஆடாமல் அசையாமல் கிடக்க வேண்டும். மூன்றாம் வாரம் வாயெல்லாம் புண், நான்காம் வாரம் சோறும் சுண்ணாம்பும் ஒரே ருசி. பேசவே முடியாததால் மனைவியிடம் எழுதிக் காட்டினேன். அவள் அதிலும் ஓர் ஒற்று விட்டுப்போனதைக் கண்டுபிடித்துச் சுழித்துக் கொடுத்தாள். ஆனால் கொண்டைக்கடலை பட்டாணியாகி, பட்டாணி கடுகாகிக்கொண்டிருந்தது.

இருபதாவது தடவையோ இருபத்தொன்றாவதோ, நாங்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தபோது ஒலிபெருக்கி அலறியது. "அரிய வாய்ப்பு எங்கிருந்தாலும் உடனே இயக்குநர் அறைக்கு வரவும். மறுபடியும் சொல்கிறோம், அரிய வாய்ப்பு எங்கிருந்தாலும்…" மாநாட்டை முன்கூட்டியே வைத்துவிட்டார்களாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த லாரி ஓட்டுநர், "ஏதோ நல்ல விஷயம் போல இருக்கு, போய்ப் பார்ப்போமா?" என்று கேட்டார். என் மனைவி, "அதெல்லாம் நமக்கு எதுக்குங்க" என்றாள். டோக்கன் முப்பத்தேழு என்று கூப்பிட்டார்கள். நான் எழுந்து உள்ளே போனேன்.

எல்லாம் முடிந்து மூன்று மாதம் கழித்து மனைவியோடு பரிசோதனைக்குப் போனேன். சின்ன டாக்டர் விளக்கைப் போட்டு, கண்ணாடியை விட்டு, நெடுநேரம் பார்த்தார். "ஒண்ணுமில்ல. சுத்தமா இருக்கு. அஞ்சு வருஷம் விடாம வந்து காட்டணும், சரியா?" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, கதவு திறந்தது. இயக்குநர் நின்றுகொண்டிருந்தார். பின்னால் அட்டைக்காரர். இயக்குநர் கையில் என் ஃபைல் இருந்தது. வெள்ளைச் சீட்டின் ஓரம் உரிந்து, அடியில் 'அரிய' எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"உங்களைத் தேடி ஆறு மாசமா அலையறோம்," என்றார் இயக்குநர். "உலகமே பார்க்க வேண்டிய கேஸ். வரிசையில உட்கார்ந்து குணமாகிட்டுப் போயிருக்கீங்க. எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" ஃபைலை என் முகத்துக்கு நேரே நீட்டி, ஒட்டியிருந்த சீட்டின்மேல் விரலால் தட்டினார். "இது என்ன?"

சின்ன டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். நாக்கை மடித்து மேலே கொண்டுபோனேன். வழியில் எதுவும் இடிக்கவில்லை.

"பிழை," என்றேன்.

என் மனைவி சட்டென்று என் பக்கம் திரும்பினாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அந்த எழுத்தை அவள் என் வாயிலிருந்து கேட்கிறாள்.

"யாரோட பிழை?" என்றார் இயக்குநர்.

"பிழைச்சவனோடதுங்க," என்றேன்.